சிறு துண்டும் பெருங்கடலும்

உலகில் தீங்குகள் இரு வகையாக வருகின்றன. ஒரு வகை, ஆரவாரத்துடன் வருவது. புயல் வீசுகிறது, வெள்ளம் பெருகுகிறது, நிலம் நடுங்குகிறது. இவற்றைக் கண்டு மக்கள் அஞ்சுகின்றனர். தம்மைக் காத்துக்கொள்ள வழி தேடுகின்றனர். மற்றொரு வகை, ஓசையின்றி வருவது. கறையான் வீட்டினுள் புகுவதை எவரும் காண்பதில்லை. அது மண்ணிலிருந்து மெல்ல ஏறுகிறது. உத்தரத்தின் உள்ளே நுழைந்து அரிக்கிறது. வெளியே மரத்தின் வண்ணம் மங்காமல் இருக்கும். உள்ளே அது வெறுங்கூடாகிவிடும். ஒரு நாள் உத்தரம் முறிந்து விழும்போதுதான், 'எத்தனை நாளாக இது நடந்ததோ!' என்று வீட்டார் திகைக்கின்றனர். ஆரவாரத்துடன் வரும் தீங்கினும் ஓசையின்றி வரும் தீங்கு கொடியது. ஏனெனில், அதனைத் தீங்கு என்றே பலர் அறிவதில்லை.

இத்தகைய ஓசையற்ற தீங்குகளுள் ஒன்று, புகைப்பவர் விரலால் சுண்டி எறியும் சிகரெட்டுத் துண்டு. அஃது ஏறக்குறைய ஓர் அங்குல நீளமே உள்ளது. நிறுத்துப் பார்த்தால் ஒரு கிராம் எடையும் இராது. தேநீர்க் கடை வாயிலிலும், பேருந்து நிலையத்திலும், இரயிலடியிலும், கடற்கரை மணலிலும் அது நாள்தோறும் விழுகிறது. எறிந்தவர் அக்கணமே அதனை மறந்துவிடுகிறார். எறிந்த பொருள் மறைந்துவிட்டது என்பது அவர் எண்ணம். உண்மை அதுவன்று. பொருள் மறைவதில்லை, அவருடைய கண்ணை விட்டு அகல்கிறது, அவ்வளவே. அது பின்னர் எங்கே செல்கிறது, என்ன செய்கிறது என்பதை அறிந்தவர், சிறிது என்று எண்ணி எதனையும் வழியில் எறியத் துணியமாட்டார்.

துண்டின் இயல்பு

சிகரெட்டு என்பது புகையிலையைத் தாளில் சுருட்டியது என்றே பலரும் கருதுவர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது பெரும்பாலும் அவ்வாறே இருந்தது. 1950ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மருத்துவ அறிஞர்கள் தம் ஆராய்ச்சிகளை வெளியிட்டனர். புகைப்பவர்க்கு நுரையீரற் புற்றுநோய் மிகுதியாக வருகிறது என்னும் உண்மையை அவை எடுத்துக்காட்டின. மக்கள் அஞ்சினர். அந்த அச்சத்தைத் தணிக்க, சிகரெட்டு செய்வோர் அதன் முனையில் வடிகட்டி ஒன்றைப் பொருத்திப் பெருமளவில் விற்கலாயினர். நஞ்சு முழுவதும் வடிகட்டியில் தங்கிவிடும் என்று வாங்கியவர் நம்பினர். அந்த நம்பிக்கை பொய்த்தது. புகைப்பவரை நோயினின்றும் காக்க வடிகட்டியால் இயலவில்லை. இன்றும் உலகில் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கு மேற்பட்டோர் புகையிலையால் உயிரிழக்கின்றனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது.

மனிதரைக் காக்கத் தவறிய அவ்வடிகட்டி, மண்ணுக்கும் நீருக்கும் ஒரு புதிய பகையாக வந்து சேர்ந்தது. அதனைப் பிரித்துப் பார்ப்பவர்க்கு வெண்பஞ்சு போலத் தோன்றும். ஆனால் அது பஞ்சன்று. செல்லுலோசு அசிடேட்டு என்னும் ஒருவகைப் பிளாஸ்டிக்கினால் ஆகிய இழைகளின் தொகுதி அது. ஒரு வடிகட்டியில் மயிரினும் மெல்லிய இழைகள் 12,000க்கு மேல் செறிந்துள்ளன. மரக்கூழிலிருந்து பெறும் செல்லுலோசை இரசாயன முறையில் மாற்றியே இப்பொருளை ஆக்குகின்றனர். மரத்தில் பிறந்ததாயினும், மாற்றம் அடைந்த பின் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை எளிதில் உண்டு செரிக்க இயலுவதில்லை.

வாழையிலை மண்ணில் விழுந்தால் சில வாரங்களில் மட்கி எருவாகிறது. தாளும் நனைந்து நைந்து மண்ணோடு கலக்கிறது. சிகரெட்டு வடிகட்டியின் நிலை வேறு. இத்தாலி நாட்டு அறிஞர் சிலர் சிகரெட்டுத் துண்டுகளை இரண்டு ஆண்டுகள் மட்கவிட்டு ஆராய்ந்து, தாம் கண்டதை 2015ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னும் துண்டுகள் தம் எடையில் ஐந்தில் இரண்டு பங்கைக்கூட இழக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் புகைத்து முடித்த பொருளின் எச்சம், ஆண்டுக்கணக்கில் நிலத்தில் கிடக்கிறது!

தமிழ்நாட்டில் வழங்கும் பீடிக்கு வடிகட்டி இல்லை. அது புகையிலைத் தூளை இலையில் சுருட்டி நூலால் கட்டியது. ஆதலின், அதன் துண்டு மண்ணில் மட்கிவிடும். ஆயினும் எஞ்சிய புகையிலையின் நஞ்சும், அணையாத நெருப்பும் அதற்கும் உண்டு. புகைப்பவர் உடலுக்கு அது செய்யும் கேடும் சிகரெட்டு செய்யும் கேட்டுக்குக் குறைந்ததன்று.

தெருவிலிருந்து கடலுக்கு

தெருவில் விழுந்த துண்டு தெருவிலேயே கிடப்பதில்லை. சென்னை நகரத்தில் ஒரு தேநீர்க் கடையின் வாயிலில் அது விழுந்தது என்று கொள்வோம். காற்று அதனை உருட்டிச் சாலை ஓரத்தில் சேர்க்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. சாலையில் ஓடும் நீர் அதனைத் தூக்கிக்கொண்டு மழைநீர் வடிகாலில் இறங்குகிறது. அவ்வடிகால் கூவத்திலோ, அடையாற்றிலோ, பக்கிங்காம் கால்வாயிலோ சென்று கலக்கிறது. அங்கிருந்து வங்கக் கடல் தொலைவில் இல்லை. இவ்வாறு, கடலையே காணாத ஒருவர் எறிந்த துண்டும் கடலைச் சென்று சேர்கிறது. தெரு ஓரத்து வாய்க்கால், கடலின் வாயில் என்பதை மக்கள் மறந்துவிடுகின்றனர்.

ஒரு துண்டால் என்ன நேர்ந்துவிடும் என்று சிலர் கேட்கக்கூடும். சிறுதுளி பெருவெள்ளம் என்பது நன்மைக்கு மட்டும் உரிய மொழியன்று; தீமைக்கும் அது பொருந்தும். உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறக்குறைய 4.5 இலட்சம் கோடி சிகரெட்டு வடிகட்டிகள் நிலத்திலும் நீரிலும் எறியப்படுகின்றன என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2022ஆம் ஆண்டில் அறிவித்தது. இவ்வெண்ணின் பெருமையை எளிதில் உணர்வது அரிது. ஒவ்வொரு துண்டும் 2 சென்டிமீட்டர் நீளம் என வைத்து, அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால், அவ்வரிசை 9 கோடி கிலோமீட்டர் நீளும். பூமிக்கும் நிலவுக்கும் இடையே உள்ள தொலைவு 4 இலட்சம் கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஆகவே, ஓராண்டின் துண்டுகள் அத்தொலைவை இருநூறு முறைக்கு மேல் அளந்துவிடும். ஒவ்வொருவரும் 'ஒன்றுதானே' என்று எண்ணி எறிந்தவற்றின் தொகை இது.

நீர் நஞ்சாதல்

வடிகட்டியின் தொழில், புகையிலுள்ள நஞ்சில் ஒரு பகுதியைத் தன்னிடம் பிடித்து வைத்தல். புகைத்து முடிந்தபோது அதனுள் நிக்கோட்டினும், தார்ப்பொருளும், ஈயம், காட்மியம் முதலிய உலோகங்களின் நுண்கூறுகளும் தங்கியிருக்கின்றன. முனையில் சிறிது புகையிலையும் எஞ்சியிருக்கும். துண்டு நீரில் நனையும்போது, அந்நஞ்சு மெல்லக் கசிந்து நீரில் கலக்கிறது. மனிதரின் மூச்சுக்குள் செல்லாமல் தடுக்கப்பட்ட நஞ்சு, மீனின் மூச்சுக்குள் செல்கிறது.

நிக்கோட்டின் எத்தகையது என்பதை உழவர் அறிவர். பயிரை அழிக்கும் பூச்சிகளைக் கொல்லப் புகையிலையை ஊறவைத்த நீரைத் தெளிக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்ததுண்டு. பூச்சியைக் கொல்லும் அந்நீருக்கும், சிகரெட்டுத் துண்டுகள் ஊறிய குட்டை நீருக்கும் இயல்பில் பெரிய வேறுபாடு இல்லை.

அமெரிக்காவில் சான் டியேகோ நகரப் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் இதனை ஆராய்ந்து 2011ஆம் ஆண்டில் வெளியிட்டனர். புகைத்து முடித்த துண்டுகளை நீரில் ஊறவைத்து, அந்நீரில் மீன்களை விட்டனர். அவற்றுள் ஒன்று கடல் மீன்; மற்றொன்று நன்னீர் மீன். ஒரு லிட்டர் நீருக்கு ஒரு துண்டு என்னும் அளவிலேயே, நான்கு நாள்களில் இருவகை மீன்களிலும் ஏறத்தாழப் பாதி இறந்தன. ஒரு லிட்டர் என்பது ஒரு சிறு செம்பளவு நீர். அச்செம்பு நீரைக் கெடுக்க ஒரு துண்டு போதும் என்றால், குளக்கரையில் அமர்ந்து நாள்தோறும் எறியப்படும் துண்டுகள் என்ன செய்யும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

பறவையும் குஞ்சும்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலக் கடற்கரை ஒன்றில் 2019ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட நிழற்படம் ஒன்று உலகமெங்கும் பரவியது. அக்கரையில் ஒருவகைக் கடற்பறவை வாழ்கிறது. அதன் கீழலகு மேலலகைக் காட்டிலும் நீண்டது. நீர்ப்பரப்பை அந்த அலகால் கிழித்துக்கொண்டே பறந்து மீனைக் கவ்வும் திறம் வாய்ந்தது. அப்பறவை மணலில் குஞ்சு பொரித்துக் காக்கும். தாய்ப்பறவை இரை தேடித் திரும்பும்போது, குஞ்சு வாய் திறந்து ஓடி வரும்.

அந்நிழற்படத்தில் தாய்ப்பறவை தன் குஞ்சுக்கு இரை ஊட்ட அலகை நீட்டுகிறது. அலகில் இருந்தது மீனன்று, சிகரெட்டுத் துண்டு. மனிதர் எறிந்ததைத் தாய் உணவென்று நம்பியது. தாய் தந்ததைக் குஞ்சு உணவென்று நம்பியது. அன்பின் மிகுதியால் ஒரு தாய் தன் குஞ்சுக்கு நஞ்சை ஊட்டும் நிலை வந்தது. இதனைக் காட்டிலும் இரங்கத்தக்க காட்சி வேறு உண்டோ?

மெக்சிகோ நகரத்தில் சிட்டுக்குருவி முதலிய சிறு பறவைகள் தம் கூட்டில் சிகரெட்டு வடிகட்டியின் இழைகளைக் கொண்டு சேர்ப்பதை அந்நாட்டு அறிஞர்கள் கண்டு 2012ஆம் ஆண்டில் எழுதினர். நிக்கோட்டின் மணத்தால் கூட்டிலுள்ள பேன்களும் உண்ணிகளும் குறைந்தன. 'தீமையிலும் ஒரு நன்மை' என்று சிலர் மகிழ்ந்திருக்கலாம். ஆனால் அவ்வறிஞர்களே தொடர்ந்து ஆராய்ந்தபோது, அத்தகைய கூடுகளில் இருந்த பறவைகளின் இரத்த அணுக்கள் கேடுற்றிருப்பதையும் கண்டனர். புறப்பகையை ஓட்டிய மருந்து உள்ளிருந்து கொல்லும் நஞ்சாயிற்று.

பிராட்போர்டில் நிகழ்ந்தது

நீரிலும் மணலிலும் துண்டு செய்யும் தீங்கு மெல்ல நிகழ்வது. நெருப்புடன் எறியப்படும் துண்டு செய்யும் தீங்கோ சில நிமிடங்களில் நிகழ்வது. அதற்குச் சான்றாக நிற்பது, இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள பிராட்போர்டு நகரில் நேர்ந்த துயரம்.

1985ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள், அந்நகர மக்களுக்கு விழா நாளாக விடிந்தது. அவ்வூர்க் கால்பந்துக் குழு, அவ்வாண்டில் தன் பிரிவில் முதலிடம் பெற்றிருந்தது. ஆட்டம் தொடங்குமுன் வெற்றிக் கோப்பை வழங்கப்பட்டது. முதியவரும் இளையவரும் சிறுவருமாக 11,000 பேருக்கு மேல் ஆடுகளத்தில் கூடியிருந்தனர். களத்தின் ஒரு பக்கத்தில், பல்லாண்டுப் பழமை வாய்ந்த மரத்தாலாகிய பார்வையாளர் மேடை இருந்தது. அதன் கூரையும் மரமே. அதன்மேல் தார் பூசிய விரிப்பு வேயப்பட்டிருந்தது. தரைப் பலகைகளின் நடுவே சிறு சிறு இடைவெளிகள் இருந்தன. பலகைகளுக்குக் கீழே வெற்றிடம் இருந்தது.

ஆட்டம் காண வந்தவர்கள் நெடுங்காலமாகத் தம் கையிலிருந்த காகிதத்தையும், தின்பண்ட உறைகளையும் அந்த இடைவெளிகளில் நழுவவிட்டு வந்தனர். மேலே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. மேடை தூய்மையாகவே காணப்படும். கீழே குப்பை குவிந்துகொண்டே இருந்தது. அக்குப்பையில் ஒரு சிகரெட்டுத் துண்டு விழுந்தாலும் தீ மூளும் என்ற எச்சரிக்கை முந்திய ஆண்டிலேயே எழுத்தில் விடுக்கப்பட்டிருந்தது. அப்பருவத்து ஆட்டங்கள் முடிந்ததும் மேடையைச் சீரமைப்பதென முடிவும் செய்யப்பட்டிருந்தது. அன்று நடந்ததே அப்பருவத்தின் இறுதி ஆட்டம்.

பிற்பகல் 3-40 மணி கடந்தது. மேடையின் ஒரு கோடியில் காலடியிலிருந்து சூடு எழுவதைச் சிலர் உணர்ந்தனர். பலகையின் இடைவெளியில் சிறு சுடர் தெரிந்தது. அதனைப் பெரிதாக எண்ணாதவரும் இருந்தனர். காற்று வீசியது; தீ கூரையைப் பற்றியது; ஐந்து நிமிடம் கழிவதற்குள் மேடை முழுவதும் தீப்பிழம்பாயிற்று. பலர் களத்திற்குள் குதித்து உயிர் பிழைத்தனர். பின்புற வழியே வெளியேற முயன்றவர்கள் பூட்டிய கதவுகளின் முன் சிக்கிக்கொண்டனர். காவலரும் பார்வையாளரும் தம் உயிரைப் பொருட்படுத்தாமல் தீயினுள் புகுந்து பிறரை இழுத்து வந்தனர். ஆயினும் 56 பேர் மாண்டனர். 260க்கு மேற்பட்டோர் காயமுற்றனர். விழாக் காண வந்த நகரம் துயரில் ஆழ்ந்தது.

அரசு அமைத்த விசாரணை, தீயின் காரணத்தை ஆராய்ந்தது. எரிந்த தீக்குச்சியோ, சிகரெட்டோ, புகையிலையோ பலகையின் இடைவெளி வழியே விழுந்து, கீழே இருந்த குப்பையைப் பற்றவைத்திருக்க வேண்டும் என்று முடிவு கூறியது. எரியாமல் எஞ்சிய குப்பையில் இரு பொருள்கள் கிடைத்தன. ஒன்று, 1968ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துச் செய்தித்தாள். மற்றொன்று, 1971ஆம் ஆண்டில் வழக்கொழிந்த பழைய நாணய முறையில் விலை குறித்த நிலக்கடலைப் பொட்டல உறை.

இவ்விரண்டும் கற்பிக்கும் பாடம் பெரிது. அச்செய்தித்தாளை நழுவவிட்டவர் கொடியவர் அல்லர். அப்பொட்டலத்தில் கடலை வாங்கித் தின்றவரும் எவருக்கும் தீங்கு நினைத்தவர் அல்லர். சிகரெட்டை நழுவவிட்டவரும் அத்தகையவரே. ஒருவர் எறிந்தது பதினாறு ஆண்டுகளுக்கு மேல் இருளில் காத்துக் கிடந்தது. மற்றொருவர் எறிந்த நெருப்பு ஒரு நாள் அதனைத் தேடி வந்தது. இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. இருவரும் 'மறைந்துவிட்டது' என்று எண்ணிய பொருள்கள் ஒன்றையொன்று சந்தித்தபோது, 56 உயிர்கள் பலியாயின.

பழக்கத்தின் வலிமை

நல்லவர்களும் இவ்வாறு எறிவதற்குக் காரணம் என்ன? தீய எண்ணம் அன்று, பழக்கமே. முதல்முறை எறியும்போது மனம் சிறிது தயங்கும். நூறாவது முறை எறியும்போது மனம் அதனை அறிவதேயில்லை. கை தானே எறிந்துவிடும். தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று முன்னோர் கூறியது இதனால் அன்றோ!

பழக்கம் ஒருவரோடு நிற்பதுமில்லை. அது தொற்றிப் பரவும். நெதர்லாந்து நாட்டில் குரோனிங்கன் நகரத்தில் அறிஞர் சிலர் செய்த சோதனை 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. மிதிவண்டிகளை நிறுத்தும் சந்து ஒன்றை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். ஒவ்வொரு வண்டியின் கைப்பிடியிலும் ஒரு துண்டுத்தாளை மாட்டிவைத்தனர். அருகில் குப்பைத்தொட்டி இல்லை. சுவர் தூய்மையாக இருந்தபோது, நூற்றுக்கு 33 பேர் அத்தாளைத் தரையில் எறிந்தனர். அதே சுவரில் கிறுக்கல்கள் இருந்தபோது, நூற்றுக்கு 69 பேர் எறிந்தனர். தூய்மையான இடம் 'என்னைக் கெடுக்காதே' என்று வாய் திறவாமல் வேண்டுகிறது. கெட்ட இடமோ 'நீயும் கெடு' என்று அழைக்கிறது. ஆகவே, முதலில் எறிபவர் ஒரு துண்டை மட்டும் எறிவதில்லை. தமக்குப் பின் வரும் பலருடைய கையையும் எறியத் தூண்டுகிறார்.

வீட்டின் வாசலைத் தெளித்துக் கோலமிடும் வழக்கம் தமிழரிடையே தொன்றுதொட்டு உள்ளது. கோலமிட்ட வாசலில் எவரும் குப்பை கொட்டத் துணியார். ஆனால் அக்கோலத்துக்கு நான்கு அடி அப்பால், தெருவில், அதே வீட்டின் குப்பை கிடப்பதுண்டு. வீடு தமது, தெரு பிறரது என்னும் எண்ணமே இதற்குக் காரணம். தெருவும் தமது, ஆறும் தமது, கடலும் தமது என்று உணரும் நாளில், வாசற்படியோடு நின்றுவிடும் தூய்மை ஊரெங்கும் நடைபோடும்.

இது புகைப்பவர்க்கு மட்டும் கூறும் அறிவுரையன்று. 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாசு மாநிலக் கடற்கரையில் தொண்டர்கள் கூடிக் குப்பையைப் பொறுக்கினர்; பொறுக்கியவற்றை வகைப்படுத்தி எண்ணவும் செய்தனர். அத்தொண்டு பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவி, அனைத்துலகக் கடற்கரைத் தூய்மைப் பணியாக வளர்ந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர்தம் கணக்கில் சிகரெட்டுத் துண்டுகளே முதலிடம் பெற்று வந்தன. 2019ஆம் ஆண்டின் கணக்கில் அத்துண்டுகள் 42 இலட்சத்துக்கு மேல் இருந்தன. ஆனால் அவ்வாண்டில் மற்றொரு பொருள் அவற்றை முந்தியது. தின்பண்டங்களைச் சுற்றிவரும் உறைகளே அவை. 47 இலட்சத்துக்கு மேல் கிடைத்தன. சிகரெட்டைத் தொட்டும் அறியாத சிறுவர் கையிலும் தின்பண்ட உறை உண்டு. எறியும் பழக்கம் புகையோடு பிறந்ததன்று. மிட்டாய் உறையோடு பிறந்து, பின்னர்ப் புகையோடு வளர்வது.

சட்டமும் காக்கையும்

இத்தீங்கைத் தடுக்க நாடுகள் பலவும் முயன்று வருகின்றன. இந்தியாவில் 2003ஆம் ஆண்டில் புகையிலைப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. பதினெட்டு வயது நிரம்பாதவர்க்கு அவற்றை விற்பதும், கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கஜத் தொலைவுக்குள் விற்பதும் அச்சட்டப்படி குற்றமாகும். பொது இடங்களில் புகைத்தலைத் தடுக்கும் விதிகள் 2008ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நன்னாளில், நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டில் ஒரு விதி வகுத்தது. வடிகட்டியில் பிளாஸ்டிக் உள்ளது என்பதைச் சிகரெட்டுப் பெட்டியின்மேல் பொறிக்க வேண்டும் என்றும், எறிந்த துண்டுகளை அகற்றும் செலவைச் செய்து விற்போரே ஏற்க வேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது.

தமிழையும் தன் ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூர், 1968ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நகரத் தூய்மை இயக்கத்தைத் தொடங்கியது. அறிவுரையும் தண்டமும் அங்கே இணைந்து நடந்தன. 1992ஆம் ஆண்டில் அந்நாடு வேறொரு முறையையும் மேற்கொண்டது. பொது இடத்தில் குப்பை எறிந்தவரையே பொது இடத்தைத் துப்புரவு செய்ய வைக்கும் முறை அது. குனிந்து பொறுக்கியவர் மீண்டும் எறியத் தயங்குவார் என்பது அதன் கருத்து.

பிரான்சு நாட்டின் மேற்குப் பகுதியில் உள்ள கேளிக்கைப் பூங்கா ஒன்றில் 2018ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இன்னும் வியப்பானது. அங்கே காக்கை இனத்தைச் சேர்ந்த ஆறு பறவைகளுக்குக் குப்பை பொறுக்கப் பயிற்சி அளித்தனர். அவை சிகரெட்டுத் துண்டையும் சிறு குப்பையையும் அலகால் எடுத்து ஒரு பெட்டியில் இட்டன. இட்டவுடன் அப்பெட்டி சிறிது உணவை அளித்தது. அப்பூங்காவைத் தூய்மை செய்ய ஆள்கள் இல்லாமல் இல்லை. பறவையைக் கண்டு மனிதர் வெட்கி அறிவு பெறவேண்டும் என்பதே அதனைச் செய்தவர்களின் நோக்கம். காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்த பின்னரே உண்ணும் வழக்கம் தமிழகத்தில் உண்டு. சோறு பெறும் காக்கையிடம் பாடமும் பெறலாம் என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது.

சட்டம் வேண்டும், தண்டமும் வேண்டும். ஆனால் சட்டத்தின் கண் எங்கும் இராது. காவலர் நிற்கும் தெருவில் அஞ்சி நடப்பவர், காவலர் இல்லாத ஆற்றங்கரையில் எறிவார். பறவைக்கு ஆறாகப் பயிற்சி அளிக்கலாம், 4.5 இலட்சம் கோடித் துண்டுகளைப் பறவைகள் பொறுக்க இயலாது. எறியும் கையே எறியாமல் நிற்பதுதான் நிலைத்த மருந்து.

கையளவு கடமை

இதற்கு அரிய முயற்சி எதுவும் வேண்டுவதில்லை. புகைப் பழக்கத்தை அறவே விடுதல் தலைசிறந்தது. அதனால் உடலும் காக்கப்படும், உலகும் காக்கப்படும். இளமையில் அப்பழக்கத்தைத் தொடாதிருத்தல் அதனினும் எளிது. விட இயலாமல் தவிப்பவர், துண்டை முற்றும் அணைத்து, ஒரு சிறு டப்பியில் இட்டுவைத்து, உரிய தொட்டியில் சேர்க்கலாம். நெருப்பையும் தாளையும் சட்டைப்பையில் சுமந்து வருபவர்க்கு, எச்சத்தைச் சுமந்து செல்லுதல் பாரமாகாது.

மாணவர் செய்யத்தக்கதும் இத்தகையதே. மிட்டாய் உறையையும், மை தீர்ந்த எழுதுகோலையும், கிழித்த தாளையும் தொட்டி காணும் வரையில் பையிலேயே வைத்திருத்தல். பள்ளி வாயிலில் எறிபவர் ஒருவர் இருப்பின் எறியாதவர் இருவர் ஆதல். வீட்டிலுள்ள பெரியவர் துண்டை எறியும்போது, மரியாதை குன்றாமல் அதன் வழியை எடுத்துரைத்தல் ஆகியவை போதும். வாய்க்கால் கடலுக்குச் செல்கிறது என்பதை மகன் வாயிலாகக் கேட்ட தந்தை, அடுத்த முறை கை ஓங்கும்போது ஒரு கணம் தயங்குவார்.

அந்த ஒரு கணமே வேண்டுவது. பழக்கம் என்னும் குதிரை கண்ணை மூடிக்கொண்டு ஓடுவது. ஒரு கணம் நின்றால் அது கண் திறக்கும். கண் திறந்தால், காலடியில் வாய்க்காலும், வாய்க்காலின் முடிவில் கடலும், கடற்கரையில் வாய் திறந்து ஓடிவரும் குஞ்சும் தெரியும். அவற்றைக் கண்டவர் கை, எறிவதற்கு எழாது.

பயிற்சி

1. ஓசையின்றி வரும் தீங்கு, ஆரவாரத்துடன் வரும் தீங்கினும் கொடியது எனக் கூறுவது ஏன்?
2. சிகரெட்டின் வடிகட்டி எதனால் ஆகியது? அது மண்ணில் எளிதில் மட்காமைக்குக் காரணம் யாது?
3. தெருவில் எறிந்த துண்டு கடலைச் சேரும் வழியை உன் ஊரின் வாய்க்கால்களைக் கொண்டு விளக்குக.
4. பிராட்போர்டு மேடையின் கீழ்க் கிடைத்த செய்தித்தாளும் கடலைப் பொட்டல உறையும் கற்பிக்கும் பாடம் யாது?
5. 'எறியும் பழக்கம் புகையோடு பிறந்ததன்று' - இக்கூற்றை விளக்கி ஒரு பக்க அளவில் எழுதுக.